ரோமாபுரி அடிமைக்கு ஒரு நவநாள்

வீடியோ கேம் கடை என்பது, வளர்ந்த ஆம்பிளைகள் உட்கார்ந்த இடத்திலேயே செத்துச் செத்துப் பிழைப்பதைப் பார்த்துக்கொண்டு, கையில் ஒரு அலாரம் கடிகாரத்தோடு காவல் இருக்கிற தொழில்.

எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். இந்தத் தொழிலுக்கு வருவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். திருவொற்றியூரில் நெடுஞ்சாலையிலிருந்து இரண்டாவது சந்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் காலமாகிப் பல வருஷமாயிற்று. பெரியவள் ஸ்டெல்லா கல்யாணமாகி எம்.கே.பி. நகரில் இருக்கிறாள். சின்னவன் லாரன்ஸ் பிட்டர் வேலை பார்த்தான். பதினோரு வருஷம் போய்வந்த கம்பெனி, ஒரு நாள் காலையில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு மூடிக்கொண்டது. கொடுத்த செட்டில்மெண்டில் இரண்டு டிவியும் இரண்டு கேம் பெட்டியும் வாங்கி வந்து முன்னறையில் வைத்தான். "இனிமே எவன் கேட்டுலயும் போய் நிக்க வேணாம்மா" என்றான். நானும் மாதா படத்துக்குப் பூப்போட்டு, சாம்பிராணி காட்டி, கடையைத் திறந்தேன். ஆறு மாதத்துக்குள் ஒரு டிவி வாடிக்கைக்காரர்களுக்கு, இன்னொரு டிவி லாரன்ஸுக்கு என்று ஆகிப்போனது. அவன் ஆடுவான். நான் நேரம் பார்ப்பேன்.

அவன் ஆடினது ஒரே ஆட்டம். ரோமாபுரியில் ஒரு அடிமை. கத்தியும் கேடயமும் கொடுத்து மைதானத்தில் இறக்கிவிடுவார்கள். எதிரே வருகிறவனை வெட்டிப் போட்டால் அன்றைக்குப் பிழைத்தான். ஒவ்வொரு ஊராக ஜெயித்துக்கொண்டே ஏழு ஊர் தாண்டினால், கடைசியில் ராஜா அவன் கையில் ஒரு மரக்கத்தியைக் கொடுத்து, 'இனி நீ அடிமை இல்லை' என்று வெளியே அனுப்புவாராம். இதெல்லாம் லாரன்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூடவே ஒன்று சொன்னான். "அவன் வெளிய வந்துட்டான்னா நானும் ஏந்துருவேம்மா." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருஷம் இந்தக் கடையில் உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டிலும் டிவிக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்தால் உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால் முகம் தெரியாது. முதுகுதான் தெரியும். அந்த முதுகுக்குத்தான் நாம் காபி கொடுப்போம், சோறு போடுவோம், நல்லது கெட்டது சொல்லுவோம்.

கை தட்டினவர்கள்

துறைமுகத்துக்குள் போகிற கண்டெய்னர் லாரிகள் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும். காலையில் புளியமரத்தடியில் நின்ற வண்டி சாயங்காலமும் அதே புளியமரத்தடியில்தான் நிற்கும். கிளீனரை வண்டியில் உட்காரவைத்துவிட்டு டிரைவர்கள் எங்கள் கடைக்கு வந்துவிடுவார்கள். வரிசை நகர்ந்தால் கிளீனர் சந்து முனையில் நின்று விசில் அடிக்கவேண்டும். விசில் வந்தால் கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி ஓடுவார்கள். டிவியில் அடிமை ஆதரவில்லாமல் நின்று அடி வாங்குவான். நான்தான் அந்த ஜாய்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து வைப்பேன். அந்த மனிதன் சாவதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அப்படி வருகிறவர்களில் நாமக்கல் பக்கத்து டிரைவர் கந்தசாமி ஒருவர். ஐம்பது வயதிருக்கும். ஆடத் தெரியாது. கேடயத்தைத் தூக்குகிற பட்டனுக்குப் பதிலாகக் கத்தியைக் கீழே போடுகிற பட்டனை அழுத்துவார். ஒரு நாள் குருட்டாம்போக்கில் அவருடைய ஆள் ஒருவனை வீழ்த்திவிட்டான். மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை சனமும் எழுந்து நின்று கை தட்டியது. இந்த ஆட்டத்தின் பெரிய நல்ல குணம் அதுதான் என்று லாரன்ஸ் சொல்வான். நன்றாக ஆடினால் கூட்டம் கொண்டாடும், சும்மா நின்றால் கல்லெறியும். கந்தசாமி ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டு, அந்தக் கைதட்டல் அடங்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

"பதினெட்டு வருசமா இந்த ரோட்டுல வண்டி ஓட்டறனுங்கம்மா, ஒருத்தன் கை தட்டுனதில்லீங்க, ஹாரந்தான் அடிக்கறான்."

வலைக்காரன்

ஆட்டத்தில் வருகிற எதிராளிகளில் ஒருத்தன் கத்தி வைத்திருக்க மாட்டான். ஒரு கையில் மீன் வலை, இன்னொரு கையில் சூலம் மாதிரி மூன்று பல் ஈட்டி. வலையை வீசி ஆளைச் சுருட்டி, ஈட்டியால் குத்துவான். லாரன்ஸுக்கு அவனைக் கண்டால் பயம். இரண்டாவது ஊரில் அவனிடம் மாட்டியே ஒரு வாரம் போனது.

எங்கள் சந்தைத் தாண்டினால் குப்பம். கடலுக்குப் போய்வந்து, வலை உதறிக் காயப்போட்டுவிட்டு, தேசப்பன் என்று ஒருவர் வந்து உட்காருவார். ஆடமாட்டார். பீடியைப் பற்றவைக்காமல் காதில் சொருகிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். கடைக்குள் பீடி கூடாது என்று நான் சொன்னதை மதிக்கிற ஒரே மனுஷர் அவர். வலைக்காரன் வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார். "தூ, புடிக்கிறத பாரு. இவன் ஜென்மத்துல கடலப் பாத்திருக்க மாட்டான்" என்பார். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் எழுந்து வந்து, லாரன்ஸ் தோளைத் தட்டி, டிவியைத் தொட்டே காட்டினார். வலைக்காரன் ஒரு தரம் வீசினபிறகு, குனிந்து வலையை எடுக்கப் போகிறான், அந்த நேரத்தில் அவன் கையில் ஒன்றும் இல்லை, அப்போது ஓடு என்றார். லாரன்ஸ் அப்படியே செய்தான். வலைக்காரன் விழுந்தான். ஒரு வாரம் முடியாதது ஒரு நிமிஷத்தில் முடிந்தது. நான் "இது எப்படி அண்ணே தெரியும்?" என்று கேட்டேன். தேசப்பன் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். வீச்சுவலையின் கயிறு சுற்றிச் சுற்றி அங்கே வளையல் மாதிரி ஒரு தழும்பு.

"வலய வீசுனா கயிறு நம்ம கையில இருக்கணும் தங்கச்சி, இவன் கயிறு இல்லாம வீசுறான், அதான் வலயும் போச்சு உசுரும் போச்சு."

காசிம் பாய் வந்தார்

காசிம் பாய் தண்டையார்பேட்டைக்காரர். மூடின கம்பெனியில் லாரன்ஸுக்கு ஃபோர்மேனாக இருந்தவர். இப்போது எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் மராமத்து வேலைக்குப் பொறுப்பாளர். ஒரு நாள் மத்தியானம் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "பிட்டர் ஒருத்தன் வேணும்மா. உன் புள்ள கைய விட நல்ல கை எனக்குத் தெரியாது. அடுத்த மாசம் கடைசி சனிக்கெழம வரிக்கும் எடத்தப் புடிச்சி வெச்சிகினு கீறேன். அதுக்கு மேல என்னால டபாய்க்க முடியாது" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே முழந்தாளிடத் தோன்றியது. லாரன்ஸ் திரும்பவில்லை. மரியாதை தெரியாத பிள்ளை இல்லை, அந்த நேரம் இரண்டு பேர் சேர்ந்து அவன் அடிமையை மடக்கியிருந்தார்கள். "வரேன் பாய். நாலு ஊரு முடிஞ்சிது. இன்னும் மூணு ஊருதான். இவன வெளிய வுட்டுட்டு வந்துடுறேன்" என்றான். பாய் கோபப்படவில்லை. நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, அவன் பக்கத்தில் நின்று, அடிமை வெட்டுவதையும் வெட்டுப்படுவதையும் ரொம்ப நேரம் பார்த்தார். விதவிதமான கத்திகள் தொங்குகிற அறை, தினமும் விடிந்தால் வந்து எழுப்புகிற காவல்காரன், நேரத்துக்குத் திறக்கிற கேட் எல்லாம் பார்த்தார். டம்ளரை என்னிடம் கொடுக்கும்போது சொன்னார்:

"அவன் அடிமைம்மா, அவனுக்கே டெய்லி வேல கீது."

சிங்கமும் சாமியாரும்

தவக்காலத்தில் பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தார். புதிதாகக் குருப்பட்டம் வாங்கின இளவயசு சாமியார். தீர்த்தம் தெளித்துக்கொண்டே முன்னறைக்கு வந்தவர், டிவியில் சிங்கத்தைப் பார்த்து நின்றுவிட்டார். ஐந்தாவது ஊரில் மனிதர்களோடு சிங்கத்தையும் விடுவார்கள். எனக்கு அந்த ஊர் வந்ததிலிருந்தே மனசு சரியில்லை. சிறுவயதில் மறைக்கல்வியில் கேட்ட, விசுவாசத்துக்காகச் சிங்கத்துக்கு இரையான வேதசாட்சிகள் கதையெல்லாம் ஞாபகம் வந்தது. அதே மைதானம், அதே சிங்கம், அதே கைதட்டுகிற சனம். "சாமி, இத வீட்டுல வெச்சிருக்கிறது பாவமா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. லாரன்ஸ் எப்படிச் சாகிறான் என்று மூன்று தரம் பார்த்தார். இந்த ஆட்டத்தில் ஒரு பெரிய குறை உண்டு. நமக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும். முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்கவே முடியாது. சிங்கம் எப்போதும் பின்னாலிருந்துதான் வரும். எத்தனை கைத்திறமை இருந்தும் லாரன்ஸ் அங்கேதான் விழுந்துகொண்டிருந்தான். சாமியார் தீர்த்தச் சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு அவன் காதருகே குனிந்தார். அன்று சாயங்காலமே சிங்கம் செத்தது. என் கேள்விக்குத்தான் இன்றுவரை பதில் இல்லை. அவர் சொன்னது இதுதான்:

"நம்ம ஆளுங்க ருசி அதுக்குப் பழக்கம் லாரன்ஸ், முதுகைச் சுவத்துல ஒட்டி வெச்சுக்கிட்டு நில்லு."

ஏழு மணிச் சுவிட்சு

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும், தப்பு என் பேரில்.

சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் ஜெபமாலை. கடை திறந்த நாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஏழு அடித்தால் கடைச் சுவிட்சை மொத்தமாக அணைத்துவிடுவேன். யார் ஆடிக்கொண்டிருந்தாலும் சரி. இந்து, துலுக்கர், எல்லோருக்கும் அது தெரியும். வெளியே போய் நிற்பவர்கள் நிற்பார்கள், சிலபேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். தேசப்பனுக்கு 'அருள் நிறைந்த மரியே' பாதி மனப்பாடம். அன்றைக்கு ஆறாவது ஊரின் கடைசிச் சண்டை. லாரன்ஸ் ஜெயித்துவிட்டான். கை தட்டுகிறார்கள். எனக்குச் சந்தோஷம். மணி ஏழு. நன்றி சொல்லி ஜெபிக்கலாம் என்று, போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

ஆட்டம் எதுவரைக்கும் வந்தது என்பதை அந்தப் பெட்டியில் சொருகியிருக்கிற ஒரு சின்ன அட்டைதான் ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். ஒரு ஊர் முழுக்க முடிந்தபிறகுதான் அதில் எழுதும். அது எழுதிக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில் கரண்ட் போகக்கூடாதாம். போனால் அட்டையில் உள்ள எல்லாமே அழிந்துவிடும். ஆறு ஊரும் போயிற்று. வலைக்காரன், சிங்கம், எல்லோரும் உயிரோடு எழுந்து பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டார்கள். லாரன்ஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணிக்கும் பதில் ஜெபம் சொன்னான். காசிம் பாய் சொன்ன சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஜெபம் முடிந்து எழுந்து போய், முதல் ஊர், முதல் சண்டை, முதல் எதிராளி முன்னால் உட்கார்ந்தான். நான் பின்னால் போய் நின்று "மன்னிச்சிடுப்பா" என்றேன். முதுகு சொன்னது:

"வுடும்மா, பழகுன ரோடுதான்."

ரெண்டு பேர் ஆட்டம்

அதற்குப்பிறகு ஜெபமாலைக்கு நேரம் காலம் இல்லாமல் போயிற்று. "இப்ப அணைக்கலாமாப்பா?" என்று கேட்டுக் கேட்டு, ஏழு எட்டாகும், சில நாள் மனசுக்குள்ளேயே சொல்லி முடித்துவிடுவேன். மகனுக்காக மாதாவைக் காக்கவைத்தவள் நான். அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு ஜாய்ஸ்டிக்கில் இரண்டு பேர் எதிரெதிராக ஆடலாம், அது இந்த ஆட்டத்தின் இன்னொரு நல்ல குணம். பெற்ற தாயிடம் தோற்றால் வெட்கத்திலாவது எழுந்துவிடுவானோ என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் சோறு வடித்துவிட்டு வந்து, "எனக்கும் ஒண்ணு குடுப்பா" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று வருஷத்தில் முதல் தரமாக அவன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. முப்பத்தொரு வயது.

எனக்கு எந்தப் பட்டனில் கத்தி என்று சொல்லிக்கொடுத்தான். என் ஆள் அவன் ஆள் முன்னால் போய் நின்றான். எனக்குக் கட்டைவிரல் அசையவில்லை. டிவியில் இருப்பது பொம்மை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதன் பேர் லாரன்ஸ் என்று மேலே எழுதியிருந்தது, அந்த அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். அவனும் அடிக்கவில்லை. கேடயத்தைக் கீழே இறக்கி, சும்மா நின்றான். இரண்டு பேரும் கத்தியும் கையுமாக எதிரெதிரே நின்றுகொண்டே இருந்தோம். சுற்றி உட்கார்ந்திருந்த சனத்துக்குப் பொறுக்கவில்லை. ஊளையிட்டது. ஏதேதோ எங்கள்மேல் வந்து விழுந்தது. வண்டி நகராமல் எங்கள் கடைப் பெஞ்சிலேயே படுத்திருந்த கந்தசாமி எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அடிச்சுக்காம நின்னா அந்தச் சனம் விடாதுங்கம்மா, கல்லெடுத்துப் போடறாங்க பாருங்க."

எந்த கேஸு?

மனுஷ முயற்சி இவ்வளவுதான் என்று தெரிந்தபிறகு கோடி அற்புதர் அந்தோணியாரிடம் போனேன். ஒன்பது நாள் நவநாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் மன்றாடினது என் மகனுக்காக இல்லை, அந்த அடிமைக்காக. அவன் வெளியே வந்தால் இவன் எழுந்துவிடுவான், இவனே சொன்ன வார்த்தை அது. ஒன்பதாம் நாள் பூசைக்கு, எதற்காக ஜெபிக்கவேண்டும் என்ற கருத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் ஆட்டத்துக்கு என்று எழுதமுடியுமா? 'சிறைப்பட்டிருக்கும் ஒருவரின் விடுதலைக்காக, ஒப்புக்கொடுப்பவர் பிலோமினா, திருவொற்றியூர்' என்று எழுதினேன். சாமியார் அதை மைக்கில் வாசித்தார்.

நான் வீடு திரும்புவதற்குள் சந்து முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எதிர்வீட்டு எலிசாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொம்பில் மோரோடு வந்தாள். "எந்த கேஸு பிலோ? எப்ப புடிச்சாங்க? புழல்லயா வெச்சிகிறாங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா நீ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பொய் சொல்ல வராது. அவள் கையை எடுத்து முன்னறைப் பக்கம் காட்டினேன். உள்ளே அந்த முதுகு. டிவியில் இருட்டறை, வைக்கோல், கம்பிக் கதவு. எலிசாக்கா அதையும் பார்த்தாள், இதையும் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மோரை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"ஜெயிலுன்னா கூட ஒரு தேதி குடுப்பாங்க பிலோ."

மரக்கத்தி

அந்தச் சனிக்கிழமை வந்தது. மூன்று வாரத்தில் ஆறு ஊர் தாண்டிவிட்டான் என் பிள்ளை. பழகின ரோடு என்று சொன்னது வீண்பேச்சு இல்லை. ஏழாவது ஊரில் கடைசிச் சண்டை பாக்கி. காலையிலேயே குளித்து, ஷேவ் செய்து, நான் தேய்த்து வைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டான். செருப்பைப் போட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். செருப்போடு உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எழுந்திருக்கப் போகிறவன்தானே செருப்பு போட்டுக்கொள்வான்? எலுமிச்சம் சாதம் கிளறி டப்பாவில் அடைத்து வைத்தேன். பத்து மணிக்குக் காசிம் பாய் வந்து, பைக்கை வாசலில் நிறுத்தி, இறங்காமலே உட்கார்ந்திருந்தார். கந்தசாமி, தேசப்பன், எலிசாக்கா எல்லோரும் உள்ளே. கடைசி எதிராளி ஆளுயரக் கேடயம் வைத்திருந்தான். பாதிச் சண்டையில் சந்து முனையில் விசில் கேட்டது. கந்தசாமி ஒரு விநாடி டிவியைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முடிவைப் பார்க்காமலே ஓடினார்.

லாரன்ஸ் ஜெயித்தான். ராஜா எழுந்து வந்து மரக்கத்தியைக் கொடுத்தார். பெரிய கேட் திறந்தது. வெளியே ஒரே வெளிச்சம். அடிமை அந்த வெளிச்சத்துக்குள் நடந்து போனான், முதுகு சின்னதாகிக்கொண்டே போய் மறைந்தது. தேசப்பன் விசில் அடித்தார். நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, அந்தோணியாருக்கு நன்றி சொல்லி, டப்பாவை எடுத்து வந்தேன். இங்கிலீஷில் யார் யார் பேரோ ஓடி முடிந்தது. திரை கறுத்தது. பிறகு இரண்டு வரி வந்து நின்றது. லாரன்ஸ் வாசித்து எனக்குச் சொன்னான்: "விடுதலையானவன் திரும்ப உள்ள வரலாமான்னு கேக்குதும்மா. இந்த தபா எல்லாரும் இன்னும் முரட்டுத்தனமா வருவானுங்களாம்." அவன் கட்டைவிரல் ஜாய்ஸ்டிக்கின்மேல் இருந்தது. நான் மாதாவே என்றேன். அவன் அழுத்தினான். அதே இருட்டறை. அதே வைக்கோல். அதே முதல் எதிராளி. ஒரே வித்தியாசம், இப்போது அவன் கையில் அந்த மரக்கத்தி இருந்தது.

"பாய், ஒரே ஒரு ஊரு. புதுசா இன்னா கீதுன்னு பாத்துட்டு தோ வந்துட்றேன்" என்றான் லாரன்ஸ், வாசல் பக்கம் திரும்பாமல். நாற்காலியின் நுனியிலிருந்து நகர்ந்து, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். செருப்பு ஒவ்வொன்றாகக் கழன்று கீழே விழுந்தது. காசிம் பாய் அரைமணி நேரம் காத்திருந்தார், அதற்குமேல் எந்த மனுஷர் காத்திருப்பார்? பைக்கை உதைத்தார். நான் டப்பாவோடு தெருவுக்கு ஓடி, ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, "பாய், இப்பத்தானே அவனுக்குக் கதவு தொறந்துச்சு, கொஞ்சம் பொறுங்க, வெளிய வந்துடுவான்" என்றேன். அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். எங்கள் கடை வாசலை, மேலே ஏற்றிவிட்ட ஷட்டரை, உள்ளே இருந்த அந்த முதுகை ஒரு தரம் பார்த்தார்.

"இந்தக் கதவும் காலீலேர்ந்து தொறந்துதாம்மா கீது."

ஆக, மூன்று வருஷத் தொழிலில் நான் கண்டது, அடிமையை விடுதலை பண்ண அந்தோணியாருக்கு ஒன்பது நாள் போதும், விடுதலையானவனை நாற்காலியிலிருந்து எழுப்ப எந்தப் புனிதர் என்று தெரியாததால்தான் இன்றைக்கும் ஒரு கண் சுவிட்சின்மேல் வைத்தபடி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.